நார்த் கரோலினா காலேஜ் ஸ்போர்ட்ஸ்: யூஎன்சி, டியூக், என்சி ஸ்டேட், வேக் ஃபாரஸ்ட் – உண்மையிலயே யாரு பெரிய ஆளு?

நார்த் கரோலினால காலேஜ் ஸ்போர்ட்ஸ்னு பேச்சு எடுத்தா ரெண்டே நிமிஷத்துல அது டியூக்கா யூஎன்சியான்னு (சாப்பல் ஹில்ல இருக்கற நார்த் கரோலினா யூனிவர்சிட்டி) பேஸ்கட்பால்ல போய் நின்னுடும். நான் சொல்ல வர்றது வேற. ஆண்கள் பேஸ்கட்பால மட்டும் வச்சு பாத்தா இந்த ஸ்டேட்டோட கணக்கே தப்பா வரும், பொண்ணுங்க டீமையும் சேத்து பாத்தாதான் எந்த காலேஜோட ஸ்போர்ட்ஸ் எவ்ளோ ஆழமா வேர் விட்டிருக்குன்னு தெரியும். 2024 டிசம்பர்ல பொண்ணுங்க சாக்கர் (நம்ம ஊர்ல ஃபுட்பால்னு சொல்றது) தேசிய செமிஃபைனலும் ஃபைனலும் ராலே பக்கத்துல இருக்கற கேரி ஊர்ல நடந்துச்சு, உள்ள வந்த நாலு டீம்ல மூணு இந்த ஸ்டேட் டீம், யூஎன்சி, டியூக், வேக் ஃபாரஸ்ட், வெளிய இருந்து வந்தது ஸ்டான்ஃபோர்ட் மட்டும்தான். ஃபைனல்ல யூஎன்சி 1-0ன்னு வேக் ஃபாரஸ்ட்ட ஜெயிச்சுது. ஒரே ஸ்டேட்ல இருந்து மூணு டீம் அந்த இடத்துக்கு வர்றதெல்லாம் சாதாரணமா நடக்காதுங்க, ஆனா அத பத்தி நம்மாளுங்க யாரும் பெருசா பேசி நான் பாக்கல.

சரி, எல்லாரும் கேக்கற கணக்க மொதல்ல முடிச்சுடலாம். ஆண்கள் பேஸ்கட்பால் தேசிய டைட்டில் யூஎன்சிக்கு ஆறு (1957, 1982, 1993, 2005, 2009, 2017), டியூக்குக்கு அஞ்சு (1991, 1992, 2001, 2010, 2015), என்சி ஸ்டேட்டுக்கு ரெண்டு (1974, 1983). ஆறுக்கும் அஞ்சுக்கும் பெரிய வித்தியாசம் இல்லன்னு தோணும், ஆனா கொஞ்சம் உள்ள போய் பாருங்க, டியூக்கோட அஞ்சுமே ஒரே ஆளு காலத்துல வந்தது, 1980ல இருந்து 2022 வரைக்கும் இருந்த மைக் ஷஷெவ்ஸ்கி, எல்லாரும் கோச் கேன்னு சொல்வாங்க. யூஎன்சியோட ஆறும் மூணு கோச் கையில வந்தது, ஃப்ராங்க் மெக்குவயர் ஒண்ணு, டீன் ஸ்மித் ரெண்டு, ராய் வில்லியம்ஸ் மூணு. ஆளு மாறியும் ஜெயிக்கறதுதான் ஒரு ப்ரோக்ராமோட பலம்னு நான் நினைக்கறேன், அதனால இந்த இடத்துல என் ஓட்டு யூஎன்சிக்கு. டியூக் ஆளுங்க கோச் கேக்கு அப்புறமும் நாங்க நல்லாதான இருக்கோம்னு சொல்வாங்க, அதுவும் நியாயம்தான், அவருக்கு அப்புறம் கோச்சான ஜான் ஷையர் 2025ல கூப்பர் ஃப்ளாக்னு ஒரு ஸ்டார் ப்ளேயர வச்சு ஃபைனல் ஃபோர் (அதாவது தேசிய செமிஃபைனல்) வரைக்கும் கூட்டிட்டு போனாரு, ஹூஸ்டன்கிட்ட கடைசி நிமிஷத்துல கையில இருந்த மேட்ச்ச 70-67ன்னு விட்டாங்க. ஆனா கோச் கே போனப்புறம் டைட்டில் ஒண்ணு வந்தாதான் நான் என் கருத்த மாத்திப்பேன்.

நேருக்கு நேர்னா 2022தான். டியூக்கோட கேமரன் ஸ்டேடியத்துல கோச் கேயோட கடைசி ஹோம் கேம், பழைய ப்ளேயர்ஸ் எல்லாம் வந்து உக்காந்திருக்காங்க, யூஎன்சி வந்து 94-81ன்னு ஜெயிச்சுட்டு போயிட்டாங்க. நாலு வாரம் கழிச்சு நியூ ஆர்லியன்ஸ்ல ஃபைனல் ஃபோர், அத்தன வருஷ பகையில என்சிஏஏ (காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்தற தேசிய அமைப்பு) டோர்னமென்ட்ல ரெண்டு பேரும் மோதினது அதுதான் முதல் தடவை, அதையும் யூஎன்சி 81-77ன்னு எடுத்தாங்க, கோச் கேயோட கடைசி மேட்ச்சே அதுதான். டியூக்ல படிச்சவங்க இன்னிக்கும் அத பத்தி பேச மாட்டாங்க.

ஆனா மேட்ச் பாக்கற அனுபவம்னு வந்தா டியூக்தான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. கேமரன் 1940ல கட்டினது, 9,314 பேர்தான் உக்கார முடியும், ஸ்டூடன்ட்ஸ் கோர்ட்டு ஓரத்துலயே நின்னு கத்துவாங்க, யூஎன்சி மேட்ச்சுக்கு வாரக்கணக்குல டென்ட் போட்டு வெளிய படுத்து கிடப்பாங்க. யூஎன்சியோட டீன் ஸ்மித் சென்டர்ல 21,000 பேருக்கு மேல உக்காரலாம், ஆனா கட்டறதுக்கு பணம் குடுத்தவங்களுக்கு கீழ் சீட்ட குடுத்ததுல கோர்ட்டு பக்கத்துல சத்தமே குறைஞ்சு போச்சு.

இப்ப பொண்ணுங்க ஸ்போர்ட்ஸ். இங்க போட்டியே இல்லன்னு சொல்லலாம். யூஎன்சி பொண்ணுங்க சாக்கர ஆன்சன் டோரன்ஸ் 1979ல ஆரம்பிச்சு வச்சாரு, 2024ல ரிட்டயர் ஆகறதுக்குள்ள 21 என்சிஏஏ டைட்டில், அவரு போன அந்த சீசன்லயே மேல சொன்ன கேரி ஃபைனல ஜெயிச்சு 22. மியா ஹாம், கிறிஸ்டீன் லில்லி எல்லாம் அங்க இருந்து வந்தவங்கதான், அமெரிக்க பொண்ணுங்க டீம் உலகத்தையே ஆண்ட ஆரம்ப காலத்துல பாதி பலம் சாப்பல் ஹில்ல இருந்து போனதுன்னு சொன்னா மிகை இல்ல. அப்புறம் ஃபீல்ட் ஹாக்கி, அதாவது நாம சும்மா ஹாக்கின்னு சொல்றது. கேரன் ஷெல்டன் கோச்சா பத்து டைட்டில் எடுத்துட்டு 2022ல ஒதுங்கினாங்க, அந்த இடத்துக்கு யார போட்டாங்க தெரியுமா, அதே டீம்ல அப்பதான் ஆடி முடிச்ச எரின் மேட்சன், வயசு 22! ப்ளேயரா நாலு டைட்டில் ஜெயிச்ச பொண்ணு, கோச்சா முதல் வருஷம் 2023லயே இன்னொண்ணு ஜெயிச்சு குடுத்துச்சு. பேஸ்கட்பால்லயும் இந்த ஸ்டேட்ல தேசிய என்சிஏஏ டிவிஷன் ஒன் டைட்டில் வச்சிருக்கற பொண்ணுங்க டீம் யூஎன்சி மட்டும்தான், 1994 ஃபைனல்ல ஒரு பாயின்ட் வித்தியாசம், சார்லட் ஸ்மித் கடைசி செகண்ட்ல போட்ட த்ரீ பாயின்டர். டியூக்குக்கு பொண்ணுங்க கோல்ஃப்ல ஏழு டைட்டில் இருக்கு, பசங்க லக்ராஸ்ல (வலை கட்டின குச்சியால பந்து ஆடற ஆட்டம்) 2010, 2013, 2014னு மூணு, அதெல்லாம் குறைச்சு சொல்ல மாட்டேன், ஆனா இந்த அகலத்துக்கு கிட்ட வராது.

யூஎன்சிய இவ்ளோ தூக்கி பேசிட்டு அந்த கறைய சொல்லாம போனா தப்பு. 1993ல இருந்து 2011 வரைக்கும் க்ளாஸே நடக்காத பேப்பர் க்ளாஸ், ஒரு பேப்பர் எழுதி குடுத்தா மார்க், 2014 விசாரணை ரிப்போர்ட் படி 3,100 ஸ்டூடன்ட்ஸ் பக்கம் அதுல இருந்தாங்க, அதுல பாதிக்கு கிட்ட விளையாட்டு பசங்க. 2017ல என்சிஏஏ தண்டனை இல்லாம விட்டுடுச்சு, காரணம் அந்த க்ளாஸ் எல்லா ஸ்டூடன்ட்ஸுக்கும் திறந்துதான இருந்துச்சுன்னு. படிப்பு தர்றோம்னு சொல்லி கூட்டிட்டு வந்த பசங்களுக்கு படிப்பே தராம விட்டது பெரிய துரோகம், எத்தன டைட்டில் இருந்தாலும் இது அந்த காலேஜ் பேர்ல ஒட்டிக்கிட்டேதான் இருக்கும்.

என்சி ஸ்டேட் மேல எனக்கு தனி பாசம் உண்டு, ராலே பக்கம் இருக்கற நம்மாளுங்க நிறைய பேர் அங்க எம்எஸ் பண்ணவங்கன்றதால மட்டும் இல்ல. இந்த ஏரியாவுக்கு பேஸ்கட்பால் பைத்தியம் பிடிக்க வச்சதே அவங்கதான். 1946ல இண்டியானால இருந்து எவரெட் கேஸ்னு ஒரு கோச் வந்தாரு, சாம்பியன் ஆனா ஏணி போட்டு ஏறி வலைய வெட்டி எடுக்கற பழக்கத்த காலேஜ் பேஸ்கட்பால்ல கொண்டு வந்தது அவருதான், அவரு ஜெயிக்க ஆரம்பிச்சதும் சும்மா இருக்க முடியாம மத்த காலேஜும் பெரிய கோச்ச தேட ஆரம்பிச்சாங்க. 1973ல 27-0, ஒரு மேட்ச் கூட தோக்கல, ஆனா தடைல இருந்ததால டோர்னமென்ட்டுக்கு போக முடியல, அடுத்த வருஷம் டேவிட் தாம்சன வச்சு செமிஃபைனல்ல யூசிஎல்ஏவ டபுள் ஓவர்டைம்ல சாச்சு (தொடர்ந்து ஏழு வருஷம் சாம்பியனா இருந்த டீம் அது) டைட்டில எடுத்தாங்க. 1983ல ஜிம் வால்வானோ டீம், ஹூஸ்டனுக்கு எதிரா 54-52, கடைசி செகண்ட்ல குறி தவறி வந்த பந்த லொரென்சோ சார்ல்ஸ் அப்படியே பிடிச்சு டங்க் பண்ணது. அப்புறம் ரொம்ப வருஷம் வறட்சி. 2024ல திடீர்னு ஏசிசி (இந்த நாலு காலேஜும் ஆடற லீக்) டோர்னமென்ட்ல அஞ்சு நாள்ல அஞ்சு மேட்ச் ஜெயிச்சு, 1987க்கு அப்புறம் முதல் டைட்டில், அங்க இருந்து தேசிய டோர்னமென்ட்ல 11ஆவது சீடா (தர வரிசைல ரொம்ப கீழ) ஃபைனல் ஃபோர் வரைக்கும், போற வழில டியூக்க 76-64ன்னு அடிச்சுட்டு. அதே வருஷம் அவங்க பொண்ணுங்க டீமும் ஃபைனல் ஃபோர்! கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துல பொண்ணுங்க 2021, 2022, 2023னு வரிசையா மூணு தேசிய டைட்டில் எடுத்தத கேட்டா அங்கேயே படிச்சவங்களுக்கு கூட பாதி பேருக்கு தெரியல, அதுதான் எனக்கு வருத்தம்.

அந்த காலேஜ்ல கே யோவ்னு ஒரு கோச், 1975ல இருந்து பொண்ணுங்க டீம நடத்தினாங்க, கேன்சரோட இருபது வருஷத்துக்கு மேல போராடிக்கிட்டே கோச்சிங் பண்ணாங்க, 2009ல இறந்தாங்க. வால்வானோவும் 1993ல கேன்சர்லதான் போனாரு. ரெண்டு பேர் பேர்லயும் இருக்கற அறக்கட்டளை இன்னிக்கும் கேன்சர் ஆராய்ச்சிக்கு பணம் திரட்டுது.

வேக் ஃபாரஸ்ட் சின்ன காலேஜ், இளங்கலைல ஐயாயிரத்து சொச்சம் பேர்தான், ஆனா டிம் டங்கன், கிறிஸ் பால், கோல்ஃப்ல ஆர்னால்ட் பாமர்னு அனுப்பி வச்ச ஆளுங்கள பாருங்க. 2018, 2025 ரெண்டு தடவையும் ஆண்கள் டென்னிஸ் தேசிய சாம்பியன். தலைக்கு எவ்ளோன்னு கணக்கு போட்டா என் லிஸ்ட்ல இவங்க டியூக்குக்கு பக்கத்துலயே நிப்பாங்க. அதவிட சின்னது டேவிட்சன், பெரிய காலேஜ் எதுவும் கண்டுக்காத ஸ்டெஃப் கர்ரிய (பின்னால பேஸ்கட்பால் ஸ்டார் ஆனவரு) எடுத்து 2008ல கேன்சஸ்கிட்ட ரெண்டு பாயின்ட்ல ஃபைனல் ஃபோர தவற விட்டாங்க.

இந்த பேச்சுல எப்பவும் விட்டுப்போறது கறுப்பின காலேஜுங்க. 1944 மார்ச்ல, இன ஒதுக்கல் சட்டம் இருந்த காலம், டர்ஹம்ல இப்ப என்சி சென்ட்ரல்னு இருக்கற காலேஜ் டீம் ஞாயித்துக்கிழமை காலைல கதவ பூட்டிக்கிட்டு டியூக் மெடிக்கல் காலேஜ் டீமோட ஆடினாங்க, 88-44ன்னு ஜெயிச்சாங்க, கோச் ஜான் மெக்லெண்டன், பேஸ்கட்பால கண்டுபிடிச்ச நைஸ்மித்கிட்டயே கத்துக்கிட்டவரு. வின்ஸ்டன்-சேலம் ஸ்டேட் 1967ல ஏர்ல் மன்றோவ வச்சு சின்ன காலேஜ் பிரிவுல என்சிஏஏ டைட்டில் எடுத்துச்சு. அந்த காலத்துல இவங்கள எல்லாரோடயும் ஆட விட்டிருந்தா மேல நான் சொன்ன டைட்டில் கணக்குல எத்தன மாறியிருக்கும்னு நீங்களே யோசிங்க.

ஃபுட்பால (சாக்கர் இல்ல, அமெரிக்க ஃபுட்பால்) சீக்கிரம் முடிச்சுடறேன், ஏன்னா நாலு பெரிய காலேஜுக்கும் அதுல தேசிய டைட்டில் கிடையாது. யூஎன்சி 2024 டிசம்பர்ல பேர் போன கோச் பில் பெலிசிக்க பெரிய காசு குடுத்து கூட்டிட்டு வந்துச்சு, ஆனா 2025 ஏசிசி டைட்டில் போனது டியூக்குக்கு. மலை மேல பூன்ல இருக்கற அப்பலாச்சியன் ஸ்டேட்தான் என் சாய்ஸ், 2005ல இருந்து 2007 வரைக்கும் அவங்க பிரிவுல மூணு டைட்டில், 2007 செப்டம்பர்ல மிஷிகன் போய் அவங்க கிரவுண்ட்லயே 34-32ன்னு ஜெயிச்சாங்க.

2025 ஜூலைல இருந்து காலேஜுங்க நேரடியா ப்ளேயர்ஸுக்கு பணம் குடுக்கலாம்னு ஆயிடுச்சு, ஒரு காலேஜுக்கு வருஷத்துக்கு 2 கோடி டாலருக்கு கொஞ்சம் மேல உச்ச வரம்பு. அந்த பணம் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பேஸ்கட்பாலுக்கும்தான் பெரும்பாலும் போகும், அப்ப சாக்கர், ஹாக்கி, கிராஸ் கன்ட்ரி எல்லாத்தோட பட்ஜெட்டுக்கும் யாரு காவல் இருக்கப் போறாங்கன்றதுதான் எனக்கு இப்ப பெரிய கவலை. இன்னிக்கு தேதிக்கு என் வரிசை யூஎன்சி, டியூக், என்சி ஸ்டேட், வேக் ஃபாரஸ்ட், ஆனா அந்த முதல் இடம் நிக்கறதே இந்த டீமுங்க மேலதான்.

இந்த பக்கம் இருக்கறவங்க கேமரன் டிக்கெட் கிடைக்கலன்னு வீட்டுலயே இருக்காதீங்க. பொண்ணு பேஸ்கட்பால் ஆடுதுன்னா ராலேல ரெனால்ட்ஸ் கொலிசியத்துக்கு என்சி ஸ்டேட் பொண்ணுங்க மேட்ச்சுக்கு கூட்டிட்டு போங்க, கூட்டம் பக்கத்துலயே உக்காந்து பாக்கற சின்ன இடம். சாக்கரும் ஹாக்கியும் ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சுடும், மொத வாரத்துலயே சாப்பல் ஹில் போயிடுங்க.