பழங்காலப் பாறைக்கு வயசு பாக்க எந்த முறை நல்லது? சிர்கான், ரூபிடியம், ஆர்கான், கார்னெட் ஒரு அலசல்

கொடைக்கானல் மலைப்பாறைல ஒரு துண்டை உடைச்சு நாலு லேபுக்கு அனுப்பி, நாலு பேரும் நாலு முறைல வயசு பாத்தா நாலு நம்பர் வரும், நாலுமே சரியா இருக்கவும் வாய்ப்பு இருக்கு. இதை வெச்சுத்தான் "ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாத கணக்கு இது"ன்னு நிறைய பேர் எழுதறாங்க, படிக்கும்போது எனக்கு வருத்தமா இருக்கும். கிரானைட், நைஸ் (வெந்து பட்டை பட்டையா மாறுன பாறை), சார்னோக்கைட் (ரொம்ப சூட்டுல உருவான, கிரானைட் மாதிரிப் பாறை) இதெல்லாம் ஒரே நாள்ல பொறந்து அப்படியே கெடந்த பாறை இல்லங்க. ஒரு தடவை உருகி உறைஞ்சிருக்கும், பல கோடி வருஷம் கழிச்சு பூமிக்குள்ள ஆழமா போய் 800, 900 டிகிரில வெந்திருக்கும், அப்புறம் மெதுவா மேல வந்து ஆறியிருக்கும். ஒவ்வொரு முறையும் இதுல ஏதோ ஒண்ணுக்குத்தான் பதில் சொல்லும்.

முதல் இடம் யாருக்குன்னு கேட்டா தயங்காம யுரேனியம்-ஈயம் முறைக்குத்தான் தருவேன், அதுவும் சிர்கான்ங்கற சின்னப் படிகத்துல. காரணம் அந்த கனிமத்தோட குணம். படிகமாகும்போது யுரேனியத்தை உள்ள சேர்த்துக்கும், ஈயத்தை கிட்டவே விடாது, அதனால இன்னிக்கு உள்ள இருக்கற ஈயம் கிட்டத்தட்ட எல்லாமே அதுக்குள்ளயே யுரேனியம் சிதைஞ்சு வந்ததுன்னு நம்பிக்கையா சொல்லலாம். இன்னொரு பெரிய வசதி, யுரேனியம்-238 சுமார் 447 கோடி வருஷ அரை ஆயுளோட (பாதி சிதைய ஆகற காலம்) ஈயம்-206 ஆகுது, யுரேனியம்-235 சுமார் 70 கோடி வருஷ அரை ஆயுளோட ஈயம்-207 ஆகுது, ஒரே துகள்ல ரெண்டு கடிகாரம். ரெண்டும் ஒரே வயசு காட்டுனா பிரச்சினை இல்ல, காட்டலைன்னா நடுவுல ஈயம் வெளிய போயிருக்குன்னு அந்தத் துகளே காட்டிக்குடுத்துடும். 1956ல வெதெரில்ங்கற விஞ்ஞானி போட்ட, ரெண்டு கடிகாரத்தையும் ஒண்ணா வெச்சுப் பாக்கற கன்கார்டியா வரைபடத்துல அந்த மாதிரி புள்ளிகள் பெரும்பாலும் ஒரு நேர்கோட்டுல விழும், ரெண்டு கடிகாரமும் ஒத்துப்போற வளைகோட்டை அந்தக் கோடு மேல வெட்டற இடத்துல பழைய வயசு கிடைக்கும். தப்பு நடந்தா அதுவே சொல்லிடுற வசதி மத்த முறைகள்ல இந்த அளவுக்கு கிடையாது.

சிர்கான் 900 டிகிரியைத் தாண்டியும் தன் ஈயத்தை விடாது. திரும்ப வேகும்போது பழைய கருவை அப்படியே வெச்சுக்கிட்டு அதைச் சுத்தி புது ஓரம் வளரும், எலக்ட்ரான் கதிர் பட்டு ஒளிர்றதைப் பிடிக்கற கேத்தோடோலுமினசென்ஸ் படத்துல இந்தக் கருவும் ஓரமும் தனித்தனியா தெரியும். மதுரை, கொடைக்கானல் பக்கத்து சார்னோக்கைட்ல கருவுல 250 கோடி வருஷத்தை ஒட்டின வயசும் ஓரத்துல 55 கோடியை ஒட்டின வயசும் வர்றது இப்படித்தான். முன்னது அந்தப் பாறை உருகி உறைஞ்ச காலம், பின்னது கோண்டுவானாங்கற பழைய பெருங்கண்டம் ஒண்ணுசேர்ந்தப்ப வெந்த காலம். வடக்க நீலகிரிப் பக்கம் போனா உருகுனதும் வெந்ததும் ரெண்டுமே 250 கோடியை ஒட்டித்தான் வருது. நடுவுல பாலக்காடு-காவிரி பிளவு மண்டலத்தை (வேற வேற வரலாறு உள்ள ரெண்டு நிலத்துண்டுக்கு நடுவுல இருக்கற எல்லை) தாண்டறோம்ல, அதோட முக்கியத்துவமே இந்த நம்பர்கள்லதான் தெரியுது.

சிர்கானை அளக்கறதுலயும் போட்டி உண்டு. துகளை ஆசிட்ல முழுசா கரைச்சு அளக்கற டிம்ஸ் முறைல 0.1 சதவீதத்துக்கும் கீழ துல்லியம் போகலாம், ஆனா கருவும் ஓரமும் கலந்துட்டா அந்தத் துல்லியத்தால பிரயோஜனமே இல்ல. ஷ்ரிம்ப் மாதிரி அயனிக்கதிர் கருவி 20, 30 மைக்ரான் புள்ளியா கருவைத் தனியா, ஓரத்தைத் தனியா அளக்கும். லேசர் வெச்சு சுட்டு அளக்கற முறை வேகமானது, செலவும் கம்மி, ஆனா 1, 2 சதவீதம் பிழை. 250 கோடில 1 சதவீதம்னா ரெண்டரைக் கோடி வருஷம், அது சின்ன விஷயம் இல்ல, இருந்தாலும் பலமுறை வெந்த பாறைக்கு நான் புள்ளிப்புள்ளியா அளக்கற முறையத்தான் எடுப்பேன்.

சிர்கானோட பலவீனமும் இதே பிடிவாதம்தான். பழைய பாறை உருகி புது கிரானைட் ஆகும்போது பழைய சிர்கான் கரையாம அதுக்குள்ளயே வந்துடும். இமயமலைல சுமார் 2 கோடி வருஷம் முன்னாடி உருவான வெளிர் கிரானைட்டுகளுக்குள்ள 50 கோடி வருஷமும் அதுக்கு மேலயும் பழசான சிர்கான் இருக்கு, கவனிக்காம சராசரி எடுத்தா எந்த நிகழ்வுக்கும் சொந்தமில்லாத ஒரு நம்பர் வரும். அந்த மாதிரி இடத்துல மோனசைட்ங்கற இன்னொரு கனிமம் கை குடுக்கும். மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல அள்ளறாங்களே அதே மோனசைட்தான், அது உள்நாட்டுல இருக்கற இந்த வெந்த பாறைகள்ல இருந்து அரிச்சு வந்தது. தோரியம் நிறைய (அதுவும் சிதைஞ்சு ஈயம் ஆகும்), உருமாற்றத்தப்ப புதுசா வளர்ற குணமும் உண்டு, அதனால "எப்போ வெந்துச்சு"ங்கற கேள்விக்கு சிர்கானை விட நேரடியா பதில் தரும்.

ரூபிடியம் சிதைஞ்சு ஸ்ட்ரான்ஷியம் ஆகறதை அளக்கற ரூபிடியம்-ஸ்ட்ரான்ஷியம் முறை ஒரு காலத்துல ராஜா. ஒரே பாறைத்தொகுதில பல மாதிரி எடுத்து கோடு போட்டு, சாய்வை வெச்சு வயசு சொல்வாங்க, மேற்கு கிரீன்லாந்து நைஸ்களோட பழமையை 1970களோட ஆரம்பத்துல உலகத்துக்கு காட்டுனதுல இதுக்கு பெரிய பங்கு. ஆனா எல்லா மாதிரியும் ஒரே ஆரம்ப விகிதத்தோட ஒரே நேரத்துல உருவாகி, அதுக்கப்புறம் உள்ள எதுவும் வராம வெளிய எதுவும் போகாம இருந்தாத்தான் இது வேலை செய்யும். வெந்த பாறைல சூடான திரவம் ஓடும், ரெண்டு தனிமமும் அதுல சுலபமா நகர்ந்துடும். ரெண்டு வேற பாறை கலந்தாலும் அழகான நேர்கோடு வரும், அது வயசே இல்ல. போதாததுக்கு சிதைவு மாறிலியையே (சிதையற வேகத்தோட மதிப்பு) திருத்துனாங்க, 1977ல ஒத்துக்கிட்ட மதிப்புக்கும் இப்போ பரிந்துரைக்கறதுக்கும் கிட்டத்தட்ட 1.6 சதவீதம் வித்தியாசம், அதாவது பழைய பேப்பர்ல 250 கோடின்னு இருந்தா இன்னிக்கு 254 கோடி. பழைய ரிப்போர்ட் படிக்கறவங்க தயவுசெஞ்சு எந்த மாறிலின்னு பாத்துட்டு எடுங்க.

பொட்டாசியம்-ஆர்கான் பத்தி சுருக்கமா. பொட்டாசியம் சிதைஞ்சு வர்ற ஆர்கான் ஒரு வாயு, சூடான சோடால கேஸ் நிக்காத மாதிரி சூடான பயோடைட்ல (கறுப்பு மைக்கா) ஆர்கான் நிக்காது, சுமார் 300 டிகிரிக்கு கீழ ஆறுனாத்தான் சேர ஆரம்பிக்கும். அதனால சார்னோக்கைட் எப்போ பொறந்துச்சுன்னு இதை வெச்சு கேக்கவே கூடாது. ஆழத்துல இருந்து வந்த ஆர்கான் உள்ள மாட்டிக்கிட்டா வயசு கூடுதலாவும் காட்டும். ஆனா ஹார்ன்பிளெண்ட் 500 டிகிரிக்கு மேல, மஸ்கோவைட் நடுவுல, பயோடைட் 300ன்னு வேற வேற சூட்டுல ஆர்கானைப் பிடிக்க ஆரம்பிக்கற மூணு கனிமத்தையும், இதோட மேம்பட்ட வடிவமான ஆர்கான்-ஆர்கான் முறைல அளந்தா மலை என்ன வேகத்துல ஆறி மேல வந்துச்சுன்னு கிடைக்கும், சிர்கானால இதை சொல்லவே முடியாது.

சமாரியம் சிதைஞ்சு நியோடிமியம் ஆகறதை அளக்கற சமாரியம்-நியோடிமியம் முறை வேற ரகம். இலங்கைல ஹைலண்ட் தொகுதிப் பாறைகளோட நியோடிமியம் மாடல் வயசு 200லிருந்து 300 கோடி, விஜயன், வன்னி தொகுதிகளுக்கு 100லிருந்து 200 கோடி. வெளிய இருந்து பாத்தா எல்லாமே வெந்த நைஸ், இந்த நம்பர்கள் வந்த பிறகுதான் தீவு வேற வேற கண்டத்துண்டு சேர்ந்ததுன்னு உறுதியாச்சு. ஆனா மாடல் வயசுங்கறது அந்தச் சரக்கு மேன்டில்ல (பூமியோட மேலோட்டுக்குக் கீழ இருக்கற அடுக்கு) இருந்து பிரிஞ்ச காலத்தோட மதிப்பீடு, பாறையோட வயசுன்னு எடுத்துக்கக் கூடாது.

இந்த முறைக்கும் சிர்கானுக்கும் நேருக்கு நேர் மோதல் நடந்தது கனடால, ஹட்சன் விரிகுடா கரைல இருக்கற நுவ்வுவாகிட்டுக்ல. அங்க முக்கியமான பாறை பசால்ட் வகை, அதுல சிர்கான் வளர்றதே அபூர்வம். நடுவுல ஓடற கிரானைட் வகைப் பட்டைகள்ல சிர்கான் 375 கோடியை ஒட்டி காட்டுது. 2008ல ஓ'நீல்ங்கற ஆய்வாளரோட குழு சமாரியம்-146 வெச்சு அந்த பசால்ட் வகைப் பாறைக்கு 428 கோடின்னு சொன்னாங்க. அந்த ஐசோடோப்போட (ஒரே தனிமத்துல எடை வேறான வகை) அரை ஆயுள் சுமார் 10 கோடி வருஷம்தான், பூமியோட முதல் 50 கோடி வருஷத்துக்குள்ள கிட்டத்தட்ட தீர்ந்துடும், அதனால அது விட்டுட்டுப்போன நியோடிமியம்-142 வித்தியாசம் ரொம்ப ஆரம்பத்துலயே உண்டானதா இருக்கணும். எதிர்த்தவங்க வாதமும் வலுவானது: வித்தியாசம் பழசுதான், ஆனா பழைய மூலத்துல இருந்து பிறகு உருகுன பாறைக்கும் அது பரம்பரையா வரலாமே, நீண்ட ஆயுள் கொண்ட சமாரியம்-147 வேற வயசு சொல்லுதே? 2025ல அந்தப் பாறைக்குள்ள உருகுன நிலைல ஊடுருவி உறைஞ்ச காப்ரோங்கற பாறையை எடுத்து அளந்தாங்க, ரெண்டு சமாரியமும் பிழை எல்லைக்குள்ள 416 கோடியை ஒட்டி ஒத்துப்போச்சு. ஊடுருவுனதே அவ்வளவு பழசுன்னா சுத்தி இருக்கறது அதைவிடப் பழசு. வேற வேற அரை ஆயுள் இருக்கற ரெண்டு கடிகாரம் ஒத்துப்போறது சாதாரணமா நடக்காது, நான் இப்போ பழமைப் பக்கம்தான் சாயறேன். ஆனாலும் சண்டை இல்லாம 400 கோடியைத் தாண்டற பாறைன்னா கனடால இருக்கற அகாஸ்டா நைஸ்தான், 403 கோடி, அது சிர்கான் வயசு.

அப்போ கொடைக்கானல் துண்டுக்கு என்ன பண்ணலாம்? காசு ஒரு முறைக்குத்தான் இருக்குன்னா சிர்கானைப் படம் எடுத்து லேசர்ல கருவையும் ஓரத்தையும் தனித்தனியா சுடுங்க. இன்னொண்ணுக்கு இருந்தா மெல்லிய சீவல்லயே மோனசைட், எந்தக் கனிமத்துக்குள்ள அது உக்காந்திருக்குன்னு பாத்துக்கிட்டே அளக்கலாம். கார்னெட்ங்கற கனிமம் இருந்தா லுட்டீசியம்-ஹாஃப்னியம் முறை (லுட்டீசியம் சிதைஞ்சு ஹாஃப்னியம் ஆகறதை அளக்கறது), ஏன்னா கார்னெட் வளர்ந்த அழுத்தமும் வெப்பமும் தனியா கணக்குப் போட முடியும், வயசும் ஆழமும் ஒரே படிகத்துல கிடைக்கும். பயோடைட் கடைசியா, ஆறுன கதை வேணும்னா மட்டும்.