பத்து ரூபாய் பாசஞ்சரும் பக்கத்து மலை ரயிலும்: மேட்டுப்பாளையம் ஸ்டேஷனோடு 17 வருடம்

மேட்டுப்பாளையம் என் ஊர் என்று சொன்னால், கேட்பவர் அடுத்து கேட்பது "ஊட்டி ரயில் அங்கேயிருந்துதானே கிளம்பும்?" என்பதுதான். ஆமாம், அங்கேயிருந்துதான். ஆனால் 17 வருடமாக அந்த ஸ்டேஷனுக்குப் போய்வந்து கொண்டிருக்கும் நான் மலை ரயிலில் ஏறியது மொத்தமே மூன்று தடவை. மூன்றும் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்காக. கோயமுத்தூருக்கு வேலைக்கும் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற எங்களுக்கு ரயில் என்றால் கோயமுத்தூர் பாசஞ்சர்தான். நான் போக ஆரம்பித்த காலத்தில் டீசல் எஞ்சின் இழுத்த பெட்டிகள். பிறகு லைனில் கரண்ட் வந்து, இப்போது மெமு என்கிற மின்சார வண்டி ஓடுகிறது. பெயர் மட்டும் எங்கள் வாயில் இன்னும் பாசஞ்சர்தான்.

முதலில் காசு விஷயம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோயமுத்தூர் ஜங்ஷன் வரை சுமார் 36 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், டிக்கெட் 10 ரூபாய். ஸ்டேஷனுக்கு வெளியே குடிக்கிற டீ அதைவிட விலை அதிகம். கொரோனாவில் 2020 மார்ச்சில் ரயில்கள் நின்று, திரும்ப வந்தபோது ஸ்பெஷல் என்ற பெயரில் குறைந்தபட்சக் கட்டணமே 30 ரூபாய் ஆகியிருந்தது. அதே பாதை, அதே நேரம், மூன்று மடங்கு காசு. நாடு முழுக்க அப்படித்தான் என்றாலும் தினமும் போகிறவர்களுக்கு அது சின்ன அடியில்லை. எங்கள் செட்டில் சிலர் பைக்குக்கு மாறினார்கள். 2024 தொடக்கத்தில் பழையபடி 10 ரூபாய் ஆனது. பைக்குக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. ஒரு பழக்கம் விட்டுப்போனால் போனதுதான்.

பஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இதைப் பேச முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோயமுத்தூர் காந்திபுரத்துக்கு பஸ் எப்போதும் இருக்கும். ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று. ரயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும். இருந்தும் ஏன் ரயில் என்றால், அந்த ரோடுதான் காரணம். காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், கவுண்டம்பாளையம் என்று வழியெங்கும் ஊரும் கடையுமாக ஒட்டிக்கொண்டுவிட்டன. மேம்பாலங்கள் கட்டியும் காலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது. ஏப்ரல், மே சீசன் வந்தால் ஊட்டிக்குப் போகும் கார்கள் எங்கள் ஊருக்குள் வரிசை கட்டி நிற்கும். 2024 மே முதல் நீலகிரிக்குள் வண்டியில் நுழைய இ-பாஸ் வேறு. சீசனில் பஸ்ஸில் போவது என்ற பேச்சே என்னிடம் கிடையாது.

இறங்கும் இடமும் முக்கியம். பெரிய ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ், டவுன்ஹால் பக்கம் வேலை என்றால் ஜங்ஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். காந்திபுரம், நூறடி ரோடு பக்கம் போகிறவர்கள் வடகோவையில் இறங்கி டவுன் பஸ் பிடிப்பார்கள். அவினாசி ரோட்டில் தூரமாக ஐ.டி. கம்பெனி வேலை என்றால் இந்த ரயில் உங்களுக்குச் சரிப்படாது. மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் இறங்கிய பிறகு இழந்துவிடுவீர்கள்.

வடகோவை பற்றி ஒரு வார்த்தை. எங்கள் லைன் ஒற்றைப் பாதை. வடகோவையில்தான் அது சென்னை மெயின் லைனோடு சேர்கிறது. அங்கே பெரிய வண்டி ஏதாவது வந்தால் எங்கள் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். சில நாள் சிக்னலுக்காக நிற்கும் பத்து நிமிடத்தில் பெட்டியே பொறுமை இழந்து, பாதி ஜனம் இறங்கி நடையைக் கட்டிவிடும். நான் ஆபீஸுக்குச் சொல்லும் நேரத்தில் எப்போதும் கால் மணி நேரம் சேர்த்தே சொல்வேன்.

அப்புறம், தூங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாயங்காலம் வரும்போது கவலையே இல்லை. மேட்டுப்பாளையத்தோடு லைன் முடிந்துவிடுகிறது, எவ்வளவு தூங்கினாலும் ஊர் தாண்டாது. காலையில் அப்படியில்லை. சில வண்டிகளை கோயமுத்தூர் ஜங்ஷன் தாண்டி போத்தனூர் வரை நீட்டியிருக்கிறார்கள். அது தெரிந்தும், ஒரு மழை நாளில் ஜன்னலில் சாய்ந்து கண்ணசந்து, விழித்துப் பார்த்தால் போத்தனூர். எதிரில் உட்கார்ந்திருந்தவர், "எழுப்பலாமான்னு பாத்தேனுங்க, போத்தனூர்ல வேலையோ என்னமோன்னு விட்டுட்டேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

எந்தப் பக்கம் உட்காரலாம்? காலையில் கோயமுத்தூர் போகும்போது வலது பக்கம். மேற்கே பாலமலை, குருடிமலை வரிசை கூடவே வரும்; வெயில் மறு பக்கத்தில் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போது அதே மலை இடது பக்கம், ஆனால் வெயிலும் அந்தப் பக்கம்தான். பெரியநாயக்கன்பாளையம் தாண்டும் சமயத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். அந்த ஐந்து நிமிடம் போனை வைத்துவிட்டு வெளியே பார்க்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

சரி, மலை ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள்.

காலை ஆறு மணிக்கு மேல் ஸ்டேஷனுக்குப் போனால் வேடிக்கை பார்க்கலாம். சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பிய நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும். அகலப் பாதை அதோடு முடிகிறது. அந்தாண்டை அதைவிடக் குறுகலான மீட்டர் கேஜ் பாதையில் நீல நிறப் பெட்டிகளோடு மலை ரயில் காத்திருக்கும். ஸ்வெட்டர் போட்ட குழந்தைகளும் குல்லாய் போட்ட தாத்தாக்களும் ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர்தான். அந்த ஸ்வெட்டருக்குள் அவர்களுக்கு வேர்த்துக் கொட்டும். குளிர் இன்னும் சில மணி நேரத்துக்கு அப்பால் இருக்கிறது என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை.

ஏழு மணி தாண்டி வண்டி கிளம்பும். நீராவி எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது. பின்னால் நின்று தள்ளும். கல்லாறு வரை சமதளம், அதற்குப் பிறகுதான் தண்டவாளத்துக்கு நடுவே பல் பட்டை ஆரம்பிக்கிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கொடி காட்டிக்கொண்டே வருவார். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டுவார்கள். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 16 குகை, 250 பாலம். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் சொல்லி மாளாது.

கோயமுத்தூர் பக்கமிருந்து இங்கே ரயில் வந்தது 1873-ல். மலை ரயில் குன்னூர் போனது 1899-ல், ஊட்டி வரை போனது 1908-ல். 1899 வரைக்கும் 26 வருடம், மேட்டுப்பாளையத்தில் இறங்கியவர்கள் குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும்தான் மலை ஏறியிருக்கிறார்கள். ஸ்டேஷனிலேயே மலை ரயில் மியூசியம் ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் அதைப் பார்ப்பதேயில்லை. உள்ளூர்க்காரர்களாவது பார்க்கிறோமா என்றால், நான் போனதே பையனின் பள்ளிக்கூட வேலைக்காகத்தான்.

என் அனுபவத்தில் மலை ரயிலுக்கு இரண்டு விஷயம். ஒன்று, முன்பதிவு இல்லாமல் வராதீர்கள். மதுரையிலிருந்து வந்த என் சித்தப்பா குடும்பத்தை, "நம்ம ஊரு ஸ்டேஷன் சித்தப்பா, கவுன்டர்ல வாங்கிக்கலாம்" என்று சொல்லி விடியற்காலையில் கூட்டிப்போனேன். முன்பதிவு செய்யாதவர்களுக்கு இருக்கும் இடம் கொஞ்சம்தான். அதற்கு எங்களுக்கு முன்பே வரிசை நின்றிருந்தது. பஸ்ஸில்தான் ஊட்டி போனார்கள். சித்தப்பா அதை இன்றுவரை எல்லா விசேஷத்திலும் சொல்லிக்காட்டுகிறார். இரண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் கல்லாறுக்கு மேல் மண் சரிந்தால் வண்டி நின்றுவிடும், சில சமயம் நாள் கணக்கில். அந்த மாதங்களில் வருகிறவர்கள் மாற்று ஏற்பாட்டோடு வாருங்கள்.

சென்னைக்குப் போக ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் அருமையான வசதி. இங்கேயே கிளம்புவதால் ஏறி நிதானமாகப் பெட்டியைச் செருகிப் படுக்கலாம். கோயமுத்தூரில் ஏறுகிறவர்கள் வந்து லைட் போடும்போது ஒரு தடவை முழிப்பு வரும், அவ்வளவுதான். தெற்கே போகத்தான் வெகு நாள் வழியில்லாமல் இருந்தது. பிறகு பழனி, மதுரை வழியாகத் திருநெல்வேலிக்கு ஒரு வண்டி விட்டார்கள். 2024 ஜூலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸும் வந்தது. தினமும் கிடையாது. சித்தப்பா இனி நேராக இங்கே வந்தே இறங்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ரயிலுக்கு உன்னை நம்பி வர்றதா?" என்றார்.

பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் பாசஞ்சருக்கு எட்டு கொடுப்பேன். நடுவில் இன்னும் இரண்டு மூன்று நடை விட்டால் ஒன்பது. மெமுவில் கழிவறைக்குப் பக்கத்து இடங்களைத் தவிர்த்து, நடுப் பெட்டிகளில் ஏறுங்கள். கவுன்டரில் 500 ரூபாய் நோட்டை நீட்டாதீர்கள்; பின்னால் நிற்பவர்கள் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாது.

காரமடையில் ஒரு பாட்டி ஏறுவார். காரமடை சுற்றுவட்டாரம் கறிவேப்பிலைக்குப் பேர் போனது. அவர் கொண்டுவருவதும் அதுதான், ஈரச் சாக்கில் சுற்றிய பெரிய கட்டு. கோயமுத்தூரில் வீடு வீடாக விற்பாராம். எத்தனை இடம் காலியாக இருந்தாலும் என் எதிரில் வந்துதான் நிற்பார். "காலைக் கொஞ்சம் நவுத்திக்கோ கண்ணு, கட்டை உள்ள தள்ளிக்கறேன்." நான் நகர்ந்துகொள்வேன். ஜங்ஷன் வரை என் பேன்ட் ஓரம் நனைந்துகொண்டிருக்கும். இறங்கும்போது இரண்டு கொத்து உருவி என் சாப்பாட்டுப் பையின் மேல் வைத்துவிட்டுப் போவார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். ஆபீஸில் பையைத் திறந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் தலையைத் தூக்காமலேயே, "இன்னைக்கு ரயில்லதான் வந்தீங்களாட்டமிருக்குது" என்பார்.