குன்னூரில் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

அக்கா வீட்டு விருந்து முடிந்த மறுநாள் மதியம், மாமா காலி பீர் பாட்டில்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினார். பழைய பேப்பர் கடைக்கா என்று கேட்டேன். "இல்லை மாப்பிள்ளை, வாங்கின கடைக்கே. ஒன்றுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தருகிறார்கள்" என்றார். நம்பிக்கை இல்லாமல்தான் கூடப் போனேன்.

கடைக்காரர் ஸ்டிக்கரைப் பார்த்தார், பாட்டில்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கினார், பணத்தைக் கொடுத்தார். சில்லறை இல்லை, நாளைக்கு வா என்ற பேச்சே இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு வயதான அம்மாள், சாலையோரம் பொறுக்கிய பாட்டில்களைக் கொடுத்துப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். நான் இருக்கும் ஜெர்மனியில் குப்பைத்தொட்டிகளைத் துழாவிப் பாட்டில் சேர்க்கும் முதியவர்களைத் தினமும் பார்க்கிறேன். அங்கே ஒரு காலி தண்ணீர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட். சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். இங்கே இயந்திரம் இல்லை, ஒரு மனிதரும் ஒரு ஸ்டிக்கரும்தான். வேலை நடக்கிறது!

உடைந்த கண்ணாடி காட்டில் யானைகளின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால், 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் தொடங்கிய திட்டம் இது. விற்கும்போது பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, பாட்டில் திரும்பினால் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு பெரம்பலூர், கோவை என்று மற்ற மாவட்டங்களுக்கும் போயிருக்கிறது.

மகிழ்ச்சி மேட்டுப்பாளையம் வரைதான் நீடித்தது. பன்னீர் சோடா கேட்டேன்; பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினார்கள். காலியானதை எங்கே கொடுப்பது என்றதற்கு, கடைக்காரர் சாக்கடைப் பக்கம் கையைக் காட்டினார். எனக்குக் கோபம் பொங்கியது. கண்ணாடி பாட்டிலில் கலர் குடித்த காலத்தில், கடை வாசலிலேயே நின்று குடிக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போனால் பாட்டிலுக்கு முன்பணம் கட்ட வேண்டும். உடைத்தால் வீட்டில் அடி விழும். எந்த நீதிமன்றமும் சொல்லாமல், நம் பெட்டிக்கடைகளே நடத்திய ஏற்பாடு அது. அதை எப்படிக் கைவிட்டோம்?

பீர் பாட்டிலுக்கு விலை உண்டு, குழந்தை குடிக்கும் குளிர்பான பாட்டிலுக்கு இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜெர்மனியிலும் எல்லாம் ஒரே நாளில் வரவில்லை. தூக்கியெறியும் பாட்டில்களுக்கும் கேன்களுக்கும் முன்பணம் வாங்க 2003இல் தொடங்கினார்கள். பிளாஸ்டிக் பாட்டில் பழச்சாறு 2022இலும், பால் 2024இலும்தான் சேர்ந்தன. பக்கத்துக் கேரளத்தில், திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களின் சில மதுக்கடைகளில் 2025 செப்டம்பரில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கே 20 ரூபாய் வாங்கித் திருப்பித் தரத் தொடங்கிவிட்டார்கள். நம் சோடாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் இரண்டு ரூபாய் வைத்தால்கூடப் போதும், அந்த அம்மாளைப் போன்றவர்கள் ஒன்றையும் சாக்கடைக்கு விடமாட்டார்கள்.

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் போகிறவர்கள் பாட்டிலில் உள்ள ஸ்டிக்கரைக் கிழித்துவிடாதீர்கள். கொடுக்கும்போது முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.