புது டெல்லி ஸ்டேஷன் வாசல்ல டிக்கெட்ட யார் கைலயும் குடுத்துடாதீங்க

கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. மலேசியா சிங்கப்பூர்லேர்ந்து இந்தியா போற நம்ம மக்கள், அதுவும் வயசான அப்பா அம்மாவ கூட்டிக்கிட்டு காசி பக்கம் போறவங்க, கிளம்புறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க. நாங்க மலேசியாவுல கிள்ளான். நான், மனைவி, அம்மா மூணு பேரும் ஜனவரில டெல்லி வழியா காசி போனோம், போன ரெண்டாவது நாளே 58,000 ரூபாய், நம்ம காசுக்கு ஏறக்குறைய 3,000 ரிங்கிட், கண்ணு முன்னாடியே குடுத்துட்டு வந்தோம். யாரும் கத்தி காட்டல, மிரட்டல. மரியாதையா உக்கார வச்சு டீ குடுத்துதான் வாங்கினாங்க.

டிக்கெட் எல்லாம் ரெண்டு மாசம் முன்னாடியே ஐஆர்சிடிசில, அதான் இந்தியன் ரயில்வே டிக்கெட் வெப்சைட்ல, நானே போட்டது. புது டெல்லிலேர்ந்து காசிக்கு ராத்திரி எட்டு மணி வாக்குல கிளம்புற சிவகங்கா எக்ஸ்பிரஸ், செகண்ட் ஏசி, மூணு பேருக்கும் கன்ஃபர்ம். அம்மாவுக்கு அந்த வண்டி பேரு ரொம்ப பிடிச்சு போச்சு, ஏன்னா தாத்தா சிவகங்கை பக்கத்துலேர்ந்து தோட்டத்துக்கு வந்தவரு. அது சிவன் தலையில இருக்கிற கங்கைம்மா, ஊர் பேரு இல்லன்னு சொன்னாலும் கேக்கல, சிவகங்கை வண்டின்னே சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

இந்தியாவுல ஒரு விஷயம், போன் நம்பர் இல்லன்னா நீங்க மனுஷனே இல்ல. ஏர்போர்ட் வைஃபைக்கு ஓடிபி, சாப்பாடு ஆர்டர் பண்ண ஓடிபி, ரோட்டோர டீக்கடைலகூட எல்லாரும் க்யூஆர் ஸ்கேன் பண்ணிட்டு போயிட்டே இருக்கான், நான் மட்டும் 500 ரூபாய் தாள நீட்டிக்கிட்டு நிக்கிறேன், அவன் சில்லறை இல்லன்னு தலைய ஆட்டுறான். ஏர்போர்ட்ல பாஸ்போர்ட் விசா எல்லாம் காட்டி சிம் வாங்கினேன், ரெண்டு மணி நேரத்துல ஆக்டிவேட் ஆகும்னு சொன்னான், மறுநாள் சாயங்காலம் வரைக்கும் ஆகல. பில் எகிறிடும்னு ரோமிங்க ஆஃப் பண்ணி வச்சிருந்தேன். அதனால ஸ்டேஷனுக்கு போறப்ப என் கைல இருந்தது டிக்கெட் பிரிண்ட் மட்டும்தான், நெட் கிடையாது. ஏமாத்துறவனுங்களுக்கு தேவையானது அதுதான்.

ஸ்டேஷனோட பஹாட்கஞ்ச் பக்கத்து வாசல்ல பை ஸ்கேன் பண்ற மெஷினுக்கு ஒரு பத்தடி முன்னாடி ஒருத்தன் நின்னான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துல கயிறுல ஐடி கார்டு, கார்டு திரும்பி வெள்ளைப்பக்கம்தான் தெரியுது. எங்கள பாத்து முதல்ல இந்தில ஏதோ கேட்டான் (டெல்லியில எல்லாரும் அப்படித்தான், முகத்த பாத்துட்டு இந்திலயே பேசுவாங்க, தெரியாதுன்னா நாம ஏதோ திமிரு பண்றோம்னு நினைப்பாங்க), நான் மலேசியான்னு சொன்னதும் சட்டுனு அம்மா பக்கம் திரும்பி "வணக்கம் அம்மா, சாப்டாச்சா" அப்படின்னான். அவ்வளவுதான், அம்மா விழுந்துட்டாங்க. "தம்பி நல்ல பையனா இருக்கான்டா, அவன்கிட்டயே கேளு" ன்னு என்னை தள்ளுறாங்க. டிக்கெட்ட வாங்கி பாத்தான், உதட்ட பிதுக்கினான். பனிமூட்டத்தால வண்டி கேன்சல், ஃபாரினர்ஸ் எல்லாம் கவர்மெண்ட் டூரிஸ்ட் ஆபீஸ்ல மாத்தி சீல் வாங்கணும், ஸ்டேஷன் உள்ள இருந்த ஆபீஸ் இப்ப கன்னாட் பிளேஸுக்கு போயிடுச்சுன்னான். காலைல எதிர் பில்டிங்கே தெரியாத அளவுக்கு பனி, அதனால எனக்கு சந்தேகமே வரல. ஆட்டோவும் அவனே பிடிச்சு விட்டான், வெறும் 30 ரூபாய். அப்பவே யோசிச்சிருக்கணும், டெல்லில எந்த ஆட்டோக்காரன் நம்மள 30 ரூபாய்க்கு ஏத்துவான்.

அந்த ஆபீஸ்ல சுவர் பூரா இந்தியா மேப், வாசல்ல கவர்மெண்ட் அப்ரூவ்டுன்னு போர்டு. உள்ள இருந்தவரு லேப்டாப்புல தட்டி சிவப்பு எழுத்துல கேன்சல்ட்னு காட்டினாரு, ஸ்பீக்கர்ல ரயில்வே என்கொயரின்னு யாருக்கோ போன் போட்டாரு, அங்கயும் கேன்சல்னாங்க. என் மனைவி ராத்திரிதான் சொன்னா, டிக்கெட்டோட பிஎன்ஆர் நம்பர் பத்து இலக்கம், அந்தாளு தட்டினது அஞ்சு இலக்கம்தான், அது வண்டி நம்பர்னு. அதாவது எங்க டிக்கெட்ட அவரு பாக்கவே இல்ல, பனிக்காலத்துல நிஜமாவே நிறைய வண்டி ரத்து ஆகும், அதுல ஏதோ ஒண்ணோட நம்பர தட்டி காட்டியிருக்காரு. ஏன்டி அங்கயே சொல்லலன்னு கேட்டா, நீங்கதான் தலைய தலைய ஆட்டிட்டு இருந்தீங்களேங்கிறா. சரிதான்.

அப்புறம் என்ன, அடுத்த ஒரு வாரத்துக்கு எந்த வண்டியிலயும் இடம் இல்லையாம், ஒரே வழி கார். டிரைவரோட கார், ஆக்ரா ஒரு ராத்திரி, தாஜ்மஹால் பாத்துட்டு மறுநாள் காசி, 58,000. அம்மா வேற முகம் வாடி உக்காந்திருக்காங்க, காசில நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்துல ரூம் சொல்லி வச்சாச்சு, தாத்தாவுக்கு திதி குடுக்க நாள் குறிச்சாச்சு. கார்ட தேச்சேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆக்ராவுக்குள்ள நுழையறப்பதான் டிரைவர் மெதுவா சொல்றாரு, சார், வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் லீவு. உள்ள மசூதில தொழுகை, வெளியாளுங்களுக்கு திறக்க மாட்டாங்க, எல்லா வெள்ளியும் அப்படித்தான். இத தெரிஞ்சேதான் அந்தாளு பேக்கேஜ் வித்திருக்காரு. யமுனைக்கு அந்தாண்ட மெஹ்தாப் பாக்னு ஒரு தோட்டம், அங்கேர்ந்து பனிக்குள்ள சாம்பல் கலர்ல ஏதோ உருண்டையா தெரிஞ்சுது, அதுதான் நாங்க பாத்த தாஜ்மஹால். போற வழியில ரெண்டு மார்பிள் கடை, ஒரு கம்பளக் கடை, உள்ள போகாம காரு நகராது, கமிஷன். டிரைவர் பாவம், அவரு மேல எனக்கு கோபம் இல்ல. ரோட்டோரத்துல கரி அடுப்புல சுட்ட சக்கரவள்ளிக்கிழங்க நறுக்கி எலுமிச்சையும் மசாலாவும் போட்டு விப்பாங்க, அத தன் காசுல வாங்கி அம்மாவுக்கு குடுத்தாரு, இலை தொன்னைல. அம்மா அத இன்னைக்கும் பேசுறாங்க.

அங்க வச்சுதான் சிம் உயிர் வந்துச்சு. முதல் வேலையா வண்டி நம்பர போட்டு பாக்குறேன், எங்க சிவகங்கா எக்ஸ்பிரஸ் முந்தின ராத்திரி ஜம்முனு கிளம்பி, மூணு மணி நேரம் லேட்டா காசில இருக்கிற பனாரஸ் ஸ்டேஷனுக்கு போய் சேர்ந்திருக்கு. எங்க மூணு பெர்த்தும் காலியா போயிருக்கும், இல்ல யாராவது வெயிட்டிங் லிஸ்ட் ஆளு காலை நீட்டி தூங்கியிருப்பான். வண்டி நிஜமா ரத்தானா இ-டிக்கெட் காசு தானா திரும்பி வந்துடும். ஓடின வண்டில நாம ஏறலன்னா ஒண்ணும் வராது. அதுவும் போச்சு.

தெரிஞ்சுக்கங்க, இ-டிக்கெட்டுக்கு சீல் கீல் எதுவும் கிடையாது. கன்ஃபர்ம்னு கோச் நம்பரும் பெர்த் நம்பரும் இருந்தா நேரா பிளாட்பாரம் போய் ஏற வேண்டியதுதான், டிக்கெட் பாக்குற டிடிஇ வண்டிக்குள்ள வருவாரு, ஒரிஜினல் பாஸ்போர்ட்ட காட்டினா போதும். சந்தேகம் இருந்தா ரயில்வே என்கொயரி 139க்கு போன் போடுங்க, போன் இல்லன்னா உள்ள பிளாட்பாரத்துல இருக்கிற பெரிய போர்ட பாருங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கான ரிசர்வேஷன் ஆபீஸ் அதே பஹாட்கஞ்ச் பக்கம், ஸ்டேஷன் கட்டடத்துலயே முதல் மாடில. எரிஞ்சு போச்சு, மூடிட்டாங்க, இடம் மாத்திட்டாங்கன்னு எவன் சொன்னாலும் படி ஏறி பாத்துட்டு வாங்க. டூரிஸ்ட் ஹெல்ப்லைன் 1363, இங்கிலீஷ்ல பேசலாம், நான் காசி போய்தான் கூப்பிட்டேன், பொறுமையா கேட்டாங்க, டெல்லி போலீஸ்ல எழுதி குடுக்க சொன்னாங்க, திரும்பி வர்றப்ப டெல்லில எங்களுக்கு இருந்ததே நாலு மணி நேரம்.

இப்ப கிள்ளான் வந்து பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன். பின் நம்பர் அடிச்சது நீங்கதானே சார்னு முதல் கேள்வியே கேட்டுட்டா அந்த பொண்ணு. கார்ட் ஸ்லிப்ப எடுத்து பாத்தா கடை போர்டுல இருந்த பேரு ஒண்ணு, ஸ்லிப்புல இருக்கிற பேரு வேற ஒண்ணு. அந்த ஒரு துண்டு பேப்பர வச்சுதான் இப்ப கேஸு ஓடிக்கிட்டிருக்கு, ஸ்லிப்ப தூக்கி போட்டுடாதீங்க.