கிஃப்ட் கார்டு போட்டால் ‘இரண்டாயிரம் கூடுதல்’ என்கிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டது. போன வாரம் ஜவுளிக்கடை வாசலில் அதே மேசையை மறுபடியும் போட்டிருப்பதைப் பார்த்தேன். அதே தங்க நிற உறை, அதே வாசகம்: பத்தாயிரத்துக்கு கிஃப்ட் கார்டு எடுத்தால் ஆயிரம் ரூபாய் கூடுதல். ஒரு அம்மா கைப்பையைத் திறந்து பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. வரவேற்புக்குக் கட்டும் பட்டு அத்தை சீராக நான் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கென்று சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் 20,000 ரூபாய். ஜூன் மாதம் திருச்சியில், பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடைக்குப் போனேன். பில் போடும் இடத்தில் இருந்த பெண், “இருபதாயிரத்துக்கு கார்டா போட்டுட்டீங்கன்னா இருபத்திரெண்டாயிரத்துக்குத் துணி எடுக்கலாம்க்கா, எந்தக் கிளையிலயும் செல்லும்” என்றாள். அண்ணன் குடும்பம் திண்டுக்கல்லில் இருக்கிறது. அங்கேயும் இந்தக் கடை உண்டு. பெண்ணே அவளுக்குப் பிடித்த நிறத்தில் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்து ஜூன் 20 அன்று இரண்டு கார்டு வாங்கினேன். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. இத்தனை கார்டு விற்க வேண்டும் என்று அவளுக்கும் கணக்கு வைத்திருப்பார்கள்.

முதல் அடி திண்டுக்கல்லில். அண்ணியும் மகளும் ஜூலையில் கடைக்குப் போய், புடவை பார்த்துவிட்டுக் கார்டை நீட்டினால், “இது வேற கம்பெனி பேர்ல இருக்குங்க, திருச்சி கார்டு இங்க எடுக்காது” என்று சொல்லிவிட்டார்கள். பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே கணக்கு வேறு. அண்ணி எனக்கு போன் செய்தபோது அவர் குரலில் இருந்த கூச்சம் இன்னும் என் காதில் இருக்கிறது. சீர் கொடுத்தவள் செல்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டாள் என்றுதானே அந்தக் கடைக்காரர்கள் முன்னால் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறித் திருச்சிக்கு வந்தார்கள். கடை முழுக்க ஆடித் தள்ளுபடி. பெண்ணுக்குப் பிடித்த பட்டு 18,600 ரூபாய். பட்டுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்று அந்த மாடியிலேயே எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பில் போடும்போது தள்ளுபடியைக் காணோம். கார்டில் எடுத்தால் தள்ளுபடி கிடையாதாம். எங்களுக்கு முன்னால் நின்றவர் ரொக்கம் கொடுத்துப் பத்து சதவீதம் குறைத்து வாங்கிக்கொண்டு போகிறார். அதே கடையில் ஒன்றரை மாதம் முன்னாலேயே பணம் கட்டிய நான் முழு விலை கொடுக்கிறேன். 1,860 ரூபாய் அந்த இடத்திலேயே போயிற்று.

சரி, கூடுதல் இரண்டாயிரமாவது இருக்கிறதே என்றால், அது கார்டுக்குள்ளேயே ஏறவில்லை. தனியாக, ஆயிரம் ரூபாய் வவுச்சர் இரண்டாக, என் போனுக்குக் குறுஞ்செய்தியில் வந்திருந்தது. முப்பது நாளில் காலாவதி. ஜூலை 20 அன்றே அது முடிந்துவிட்டது. கார்டுக்கு ஆறு மாதம், வவுச்சருக்கு ஒரு மாதம் என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. மேனேஜர் உறையைத் திருப்பிக் காட்டி, “எல்லாம் பின்னாடி போட்டிருக்குங்க மேடம்” என்றார். ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்றுதான் முழுக்கப் படித்தேன்: ஒரு வவுச்சருக்கு குறைந்தது 5,000 ரூபாய் பில் வேண்டும், ஒரு பில்லுக்கு ஒரு வவுச்சர்தான், கார்டும் வவுச்சரும் ஒரே பில்லில் சேராது.

இதை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த இரண்டாயிரம் முழுவதும் என் கைக்கு வர வேண்டுமானால், கார்டில் போட்ட 20,000 போக, ஒவ்வொரு வவுச்சருக்கும் 4,000 வீதம் இன்னும் 8,000 ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். 28,000 கொடுத்தால் 30,000 ரூபாய்த் துணி. சேமிப்பு ஏழு சதவீதம்கூட வரவில்லை. அதுவும் எனக்குத் தேவையில்லாத பத்தாயிரம் ரூபாய்த் துணியை, ஒரு மாதத்துக்குள் எடுத்தால்தான். ஆடி வரைக்கும் பணத்தைப் பீரோவில் வைத்திருந்தால் அதே பட்டு 16,740 ரூபாய். மிச்சம் 3,260 ரூபாய் கையில் நின்றிருக்கும்.

புடவை போக மிஞ்சிய 1,400 ரூபாயைப் பணமாகத் தரமாட்டோம் என்றார்கள். பிளவுஸ் துணியும் துண்டும் எடுத்து ஒருவழியாக 1,130 ரூபாய் கழித்தோம். இன்னும் 270 ரூபாய் கார்டிலேயே கிடக்கிறது. டிசம்பர் 20-க்குப் பிறகு அது கடைக்குச் சொந்தம். இப்படி ஒவ்வொருவர் கார்டிலும் நூறு, இருநூறு என்று நின்றுபோனால் அவ்வளவும் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு மேல், நம் பணம் இத்தனை மாதம் வட்டியில்லாமல் அவர்கள் கையில் இருக்கிறது. நாளைக்குக் கடையே மூடினால் கார்டை வைத்துக்கொண்டு, கடைக்குக் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். 2023-இல் இதே திருச்சியில் ஒரு நகைக்கடை மூடியபோது, சேமிப்புத் திட்டத்தில் பணம் கட்டியவர்கள் போலீஸில் புகார் கொடுக்கத் திரண்டதை நாம் பார்த்தோம்.

பிறகு விசாரித்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். வங்கிகளும், ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நிறுவனங்களும் கொடுக்கும், பல கடைகளில் செல்லும் கிஃப்ட் கார்டுக்கு விதிகள் உண்டு. ஒரு கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் போடக் கூடாது, குறைந்தது ஒரு வருடமாவது செல்ல வேண்டும், காலாவதிக்கு முன்பே எச்சரிக்கை அனுப்ப வேண்டும். ஒரு கடை தன் கடைக்கு மட்டும் போட்டுத் தரும் கார்டு அந்த விதிகளுக்குள் வராது. அதற்கு ரிசர்வ் வங்கி அனுமதியே தேவையில்லை. ஒரே மாதிரி உறை, ஒரே மாதிரி பிளாஸ்டிக். நமக்கு வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிந்தேன். தமிழிலேயே பேச முடிந்தது. மூன்று வாரம் கழித்துக் கடையிலிருந்து பதில்: வவுச்சரை இன்னும் பதினைந்து நாள் நீட்டித் தருகிறார்களாம், அதே ஐயாயிரம் ரூபாய் நிபந்தனையோடு. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். திண்டுக்கல்லில் செல்லாததைப் பற்றியும், அந்த 270 ரூபாயைப் பற்றியும் ஒரு வரி பதில் இல்லை.

இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்கிறேன். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். “எந்தக் கிளையிலயும் செல்லும்” என்று வாயால் சொன்னதற்கு என்னிடம் சாட்சி இல்லை என்பதுதான் பெரிய குறை. அன்றைக்கே உறையில் எழுதி, கடை முத்திரை வைத்துக் கேட்டிருக்க வேண்டும். தரமாட்டேன் என்றிருந்தால் அப்போதே எழுந்து வந்திருப்பேன்.

ஏற்கெனவே கார்டு வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இரண்டு வேலை செய்யுங்கள். உறையின் பின்பக்கத்தையும் பில்லையும் போட்டோ எடுத்து வையுங்கள். அந்த பில் காகிதத்தில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், என்னுடையது பாதி அழிந்துவிட்டது. பிறகு, கார்டை யாருக்குப் பரிசாகக் கொடுக்க நினைக்கிறீர்களோ அவர்கள் ஊர்க் கடைக்கு போன் செய்து, கார்டு எண்ணைச் சொல்லி, அங்கே எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிடுங்கள்.