ஒத்தை நாத்து நடவுப் பயிற்சிக்குப் போய்ட்டு வந்தேன், என் ரிவ்யூ

நமக்கு டெல்டால மூணு மா நிலம் (ஏறக்குறைய ஒரு ஏக்கர்), ஒரு போர்வெல். போன குறுவைக்கு முன்னாடி பக்கத்து ஊர்ல வயல்லயே வச்சு ஒத்தை நாத்துப் பயிற்சி (நெல் நாத்தை ஒவ்வொண்ணா இடைவெளி விட்டு வரிசையா நடுறது) நடத்துனாங்க, ஆறு வகுப்பு, காசு கிடையாது, டீ வடை உண்டு. மடகாஸ்கர்ல 1983 வாக்குல ஒரு பாதிரியார் கண்டுபிடிச்ச முறையாம், இங்க எதுக்குன்னு நெனச்சிக்கிட்டேதான் போனேன்.

மொத நாளே அசந்துட்டேன். உப்புத் தண்ணியில முட்டையப் போட்டு அது நாலணா அளவுக்கு மேல தெரியுற வரைக்கும் உப்பு சேக்கணும், அப்புறம் விதையக் கொட்டுனா உள்ள ஒண்ணும் இல்லாத பொக்கு விதை பூரா மெதக்குது, அதை அள்ளிப் போட்டுட்டு மிச்சத்த நல்ல தண்ணியில அலசிக்கணும். நோட்டீஸ்ல பத்து தடவை படிச்சாலும் இது மண்டையில ஏறியிருக்காது. ஏக்கருக்கு 30 கிலோ விதை விட்டுட்டு இருந்தவன் 3 கிலோல முடிச்சேன்.

கோனோவீடர், அதாவது வரிசைக்கு நடுவுல தள்ளிக்கிட்டே களை எடுக்குற கருவி, அதைத் தள்ளுறதும் அப்படித்தான், வயல்ல லேசா தண்ணி நிக்கலன்னா எங்க களிமண்ணுல அசையாது, அது தள்ளிப் பாத்தவனுக்குத்தான் தெரியும், தோள்பட்டை ரெண்டு நாள் வலி.

ஆனா பெரிய ஓட்டை ஒண்ணு. வந்திருந்த எல்லாரும் நெலத்துக்காரங்க, அதுவும் ஆம்பளைங்க. நடப்போறது யாரு? நடவுக்கு வர்ற அக்காங்க, அவங்கள ஒருத்தரும் கூப்பிடல. 14 நாள் நாத்தைப் பாத்ததும் "என்ன தம்பி, புல்லு மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சிட்டு வழக்கம்போல மூணு நாலாச் சேத்து அமுக்கி வச்சிட்டாங்க, வரிசையும் கோணல், குறுக்கால வீடர் ஓடல, பாதி வயலுக்குக் கையாலதான் களை எடுத்தோம். கயித்துல 22.5 சென்டிமீட்டருக்கு முடிச்சுப் போட்டு ஒழுங்கா நட்ட ஒரு மாவுல மட்டும் ஒரு நாத்துலேர்ந்து தூர் (பக்கக் கிளை) 30க்கு மேல வெடிச்சு ரெண்டு மூட்டை கூட வந்துச்சு.

சம்பாவுக்கு இதைப் பண்ணலாமான்னு கேக்காதீங்க, பள்ளமான வயல்ல ஐப்பசி மழைத் தண்ணி தேங்கி நின்னா அந்தப் பிஞ்சு நாத்து அழுகிரும், இதையும் வகுப்புல யாரும் சொல்லல.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். இந்தக் குறுவைக்கு நடவுக்கு வர்ற ஒரு அக்காவை நானே ஒரு நாள் கூட்டிட்டுப் போயி நட்டுப் பாக்கச் சொன்னேன், நாத்தை அமுக்காம சேத்துல மேலாப்புல வைக்கிறத ஒரே தடவையில புடிச்சிக்கிட்டாங்க. அன்னைக்குக் கூலி என் கைக்காசு.