தண்ணீர்மலை ஈரத்தில் ஆமை வளர்ப்பு: பல வருட அனுபவம்

பினாங்கு ஈரத்தில் சுல்காட்டா என்னும் பெரிய ஆப்பிரிக்கத் தரை ஆமையை வெளியில் விட்டால் சளி பிடித்துச் செத்துவிடும் என்று எங்களிடம் சொல்லாதவர்கள் குறைவு. எங்கள் வீடு தண்ணீர்மலைப் பக்கம், மலையடிவாரம். மழைக்காலத்தில் துணி காயாது, அலமாரியில் இருக்கும் செருப்பில் பூஞ்சணம் பூக்கும். அங்கேதான் பின்கட்டில் ஒரு சுல்காட்டாவும் ஒரு சிவப்புக்கால் ஆமையும் பல வருடமாக வெளியிலேயே வளர்கின்றன. உள்ளங்கையில் அடங்கிய சுல்காட்டாவைத் தூக்க இப்போது இரண்டு ஆள் வேண்டும். காற்றில் இருக்கும் ஈரம் இவற்றை ஒன்றும் செய்யவில்லை. வயிறு படும் தரை காயாமல் கிடந்தால்தான் தொல்லை.

சுல்காட்டாவின் ஊர் சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் சாஹேல். அதனால் பாலைவன ஆமை என்று பெயர் எடுத்துவிட்டது. ஆனால் வெயில் நேரத்தில் அது வளை தோண்டி ஆழத்தில் படுத்திருக்கும். அந்த வளைக்குள் காற்று ஈரமாகத்தான் இருக்கும். 2003இல் வெளியான ஓர் ஆஸ்திரிய ஆய்வு, சுல்காட்டாக் குட்டிகளின் ஓடு மேடுமேடாகக் கூம்பி வளர்வதற்குத் தீனியில் உள்ள புரதத்தைவிட வறண்ட காற்றுதான் பெரிய காரணம் என்று காட்டியது. எங்கள் ஆமையின் ஓடு வழவழவென்று இருப்பதைப் பார்த்து என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். பினாங்குக் காற்றுதான் மருந்து. ஏர்கான் அறையில் கண்ணாடித் தொட்டிக்குள் குட்டி வளர்ப்பவர்களுக்குத்தான் அந்தக் கவலை அதிகம்.

இனி கூடு. தரைக்கு அடியில் ஜல்லி, அதன் மேல் ஆற்று மணலும் தோட்ட மண்ணும் கலந்து, வடிகால் பக்கம் நன்றாகச் சரிவு வைத்திருக்கிறோம். செலவில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது, இன்றுவரை ஒரு காசும் வீணில்லை. அடைமழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் பாதித் தரையாவது கால் ஒட்டாத அளவுக்கு வடிந்துவிடும். தேங்காய் நார்த்தூளைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். கூரைக்குக் கீழே அது நல்லதுதான். மழை படும் இடத்தில் போட்டால் களியாகிப் பொடி ஈ மொய்க்கும்.

கூரை பாலிகார்பனேட். பத்து நிமிட மழைக்கே காதைப் பிளக்கும் தகரத்தை விட மேல். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: வெளிச்சம் உள்ளே வந்தாலும், ஓடு கெட்டிப்பட ஆமைக்கு வேண்டிய புறஊதாக் கதிரை அது அனேகமாக முழுவதும் தடுத்துவிடும். அதனால் பாதிக்கு மட்டும் கூரை, மீதி வெட்டவெளி. வெயில் நேரடியாகக் கிடைப்பதால் விளக்குச் செலவு கிடையாது.

ராத்திரி அடைக்கிற அறைக்கு முதலில் மரப்பெட்டி வைத்தோம். அதைக் கரையான் தின்று தீர்த்தது. இப்போது சிமெண்ட் கல் அறை, தரை ஒரு படி உயரம், உள்ளே எப்போதும் காய்ந்த வைக்கோல். இங்கே ராத்திரி பெரும்பாலும் 24 டிகிரிக்குக் கீழே போகாது, சூடேற்றத் தேவையில்லை. செப்டம்பர், அக்டோபரில் விடாமல் பெய்யும் நாட்களில் மட்டும் ஒரு பீங்கான் சூட்டு பல்பைப் போட்டுவிடுவோம். வேலி பார்வைக்கு ஊடாகத் தெரியக்கூடாது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் புல் தெரிந்தால் சுல்காட்டா அதை வேலி என்று மதிக்கவே மதிக்காது.

வாரம் ஒருமுறை அடிஓட்டைப் பார்ப்பேன். சின்னதைத் திருப்பிப் பிடித்து, பழைய பல் துலக்கியால் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் மண்ணைத் தேய்த்து எடுத்து, கட்டைவிரலால் ஒவ்வொரு தகடாக அழுத்திப் பார்ப்பேன். இடுக்கில் வெளிறிய கோடு தெரிந்தால் புது வளர்ச்சி, நல்லது. அழுத்தும்போது அமுங்கினாலோ மீன் கெட்ட மாதிரி வாடை வந்தாலோ ஓட்டு அழுகல். உடனே மிருக வைத்தியரிடம். மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்சு விடுவது என்றால் அன்றே போக வேண்டும். நாய் பூனை பார்க்கும் எல்லா வைத்தியரும் ஆமை பார்ப்பதில்லை, முன்கூட்டியே ஒருவரை விசாரித்து வைத்திருங்கள்.

தீனி இங்கே பிரச்சினையே இல்லை. புல், செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை. சுல்காட்டாவுக்குப் பழம் கூடாது. சிவப்புக்காலுக்குப் பப்பாளி என்றால் உயிர். சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் விற்கும் கட்டி எதற்கு? சந்தையில் கணவாய் வாங்கும்போது ஓட்டைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். கழுவிக் காயவைத்துப் போட்டால் கொறித்துக்கொள்ளும்.

உண்மையான தலைவலி மற்ற ஜீவராசிகள். குட்டியாக இருந்தபோது உடும்புக்கும் காகத்துக்கும் பயந்து வலை போட்டிருந்தோம். இப்போது குரங்குகள் பப்பாளியைத் தூக்கிக்கொண்டு போகின்றன. தண்ணீர்த் தொட்டியைத் தினமும் கொட்டாவிட்டால் கொசு, அப்புறம் டெங்கி. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்" என்று என் மாமியார் ஆரம்பிக்கும்போதெல்லாம், அவை வாசற்படி தாண்டவில்லையே அத்தை என்று சமாளித்துவிடுவேன். பக்கத்து வீட்டுச் சீன அம்மாவோ ஆமை ராசி என்று கங்கோங் கீரை கொண்டுவந்து போடுகிறார்.

இரண்டில் எது என்று கேட்டால், நம் ஊருக்குச் சிவப்புக்கால்தான். தென்னமெரிக்காவின் ஈரக் காட்டோரம் அதன் சொந்த இடம், பெரும்பாலும் ஓர் அடிக்குச் சற்று மேல்தான் வளரும். சுல்காட்டா 50 கிலோவைக்கூடத் தாண்டும், மனிதர் ஆயுள் அளவுக்கு வாழும். தாமான் டெரஸ் வீட்டு முன்வாசலில் அதை வைக்க நினைக்காதீர்கள். நட்சத்திர ஆமை அழகுதான், ஆனால் 2019இல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்குப் போய்விட்டது. சென்னையிலிருந்து பெட்டியில் கடத்தி வந்து பிடிபடுவதும் அதுதான். எந்த ஆமையாக இருந்தாலும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் உரிமம் பற்றி முதலில் கேளுங்கள். தாள் எதுவும் காட்டாமல் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், பணத்தை எடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.